அடிக்குறிப்பு இல்லாத நான்காம் பாடம்

மேட்டுத் தோட்டம், காஹாங்
1936 ஜனவரி 18

கிபாயத்துல்லா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய முதல் மூன்று பாடங்களும் வந்து சேர்ந்தன. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே இரண்டாம் பாடத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் மரியாதைக்காக விழித்திருந்தார்கள். பின்வரிசையில் ஒருவன் தூங்கியே போனான். அவனை நான் எழுப்பவில்லை. எனக்கும் கண்ணைச் சொக்கிக்கொண்டுதான் வந்தது.

போன வருஷம் குளுவாங் ஆசிரியர் கூட்டத்தில் தாங்கள் படவிளக்கு வைத்துக் கொசுவைப் பற்றிப் பேசினீர்கள். நான் எழுந்து, இதில் ஒரு வார்த்தைகூட எங்கள் பிள்ளைகளுக்குப் புரியாது என்றேன். "அப்படியானால் புரியும்படி நீங்கள் எழுதுங்கள், தப்பில்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றீர்கள். கல்வி இலாகாவும் சம்மதித்தது. தோட்டப் பள்ளிகளுக்கு ஒரு சுகாதார வாசகப் புத்தகம், ஆய்வுக்கூடத்தில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் ஒருவர், இருவரும் சேர்ந்து எழுத வேண்டும் என்று ஏற்பாடு. அதை நம்பித்தான் இறங்கினேன். இப்போது பார்த்தால் தாங்களே எழுதுகிறீர்கள், நான் சந்திப்பிழை பார்க்கிறேன்.

இரண்டு காரியம் கேட்கிறேன். கொசுவின் ஜாதிகளையும் அவற்றின் இறக்கைப் புள்ளிகளையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லுங்கள். ஒன்று போதும்.

இங்கே பாடம் பள்ளிக்கூடத்தோடு நிற்பதில்லை. மூன்றாம் வகுப்பில் அங்கம்மா என்று ஒரு பெண். தகப்பன் வீரமுத்து ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவர், எழுத்து அறியாதவர். அவள் சாயங்காலத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை உரக்க வாசிப்பாள். அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் பெண்கள்கூடக் கேட்டுவிட்டு மறுநாள் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். தங்கள் இரண்டாம் பாடத்தையும் வாசித்தாள். மறுநாள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தனலெட்சுமி


ஜொகூர் பாரு
1936 ஜனவரி 27

மதிப்பிற்குரிய ஆசிரியை அம்மாளுக்கு,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறையும் வந்தது.

கொசு என்று ஒரே ஒரு பிராணி இருப்பதுபோல் எழுதுகிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. நிழலில் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடுவேன் என்று ஒன்று இருக்கும், இன்னொன்று அந்தப் பக்கமே போகாது. ஒன்று காய்ச்சலைச் சுமந்து வரும், அதன் பக்கத்திலேயே பறக்கும் வேறொன்று கடித்துவிட்டுச் சும்மா போய்விடும். ஜாதிகளை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

என் வாப்பாவுக்கு இங்கே ஜவுளிக்கடை. "கடையில உக்காருடான்னா கொசுப்புழுவ எண்ணிக்கிட்டு இருக்கான்" என்று துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறார். ஆய்வுக்கூடத்தில் பெரிய டாக்டர் என் அறிக்கைகளில் பாதியை அடித்துவிடுகிறார். அவர்களோடு இப்போது தாங்களும் சேர்ந்துகொண்டீர்கள்.

இருந்தாலும் சொன்ன சொல்லுக்காக ஜாதிகளை எடுத்துவிட்டேன். நான்காம் பாடத்தைத் தாங்கள் கேட்டபடியே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பாடத்தின் முடிவில் ஒரே ஒரு வேலை: லயத்தை ஒட்டிய தண்ணீரின் மேல் கவிந்திருக்கும் புதரை வெட்டு, தண்ணீரில் வெயில் படட்டும். இது நான் கண்ணால் கண்டது. போன வருஷம் கோத்தா திங்கி ஆற்றோரச் சதுப்பில் இப்படித்தான் செய்தோம், காய்ச்சல் குறைந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கிறேன்: 'மலைச்சரிவு ஓடைகளுக்கு இது பொருந்தாமல் போகலாம்.' அது இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தை நான் பார்த்ததில்லை. அங்குள்ள தண்ணீரில் கொஞ்சம், புழுவோடு, புட்டியில் அடைத்து அனுப்ப முடியுமா? எங்கே எடுத்தது என்று ஒரு சீட்டும் வேண்டும்.

கிபாயத்துல்லா


மேட்டுத் தோட்டம், காஹாங்
1936 பிப்ரவரி 24

கிபாயத்துல்லா அவர்களுக்கு,

மாதிரிப் படிகள் வந்தன. இந்தத் தடவை எனக்குச் சொல்லக் குறையில்லை. நான்காம் பாடம் இந்தத் தோட்டத்தையே கிளப்பிவிட்டது.

அங்கம்மா அதை வாசித்த மறுநாள் காலை, வீரமுத்து வெட்டுக்கத்தியோடு என் வாசலில் நின்றார். "பாப்பா வாசிச்சுக் காட்டிச்சு டீச்சர். எந்தப் பக்கம் வெட்டணும், சொல்லுங்க" என்றார். நேற்று ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாளில் ஓய்வெடுக்காமல், லயத்து ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குப் பின்னால் லயத்தை ஒட்டி வரும் ஓடையில் இறங்கினார்கள். பெண்கள் வெட்டிய தழையை இழுத்துப் போட்டார்கள். பிள்ளைகள் பாடத்தைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். மத்தியானத்துக்குள் ஓடை வானம் பார்த்துவிட்டது. தோட்டத்தை நடத்தும் துரை வந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போனார். இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருஷமாகிறது, நான் கற்றுக்கொடுத்த ஒன்றைப் பெரியவர்கள் எடுத்துச் செய்தது இதுதான் முதல் தடவை.

அடிக்குறிப்பை எடுத்துவிட்டேன். அந்தச் சிறிய எழுத்து பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாது. செய் என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே 'பொருந்தாமல் போகலாம்' என்று இழுத்தால் ஒருவரும் கத்தியை எடுக்க மாட்டார்கள்.

புட்டி அனுப்ப முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் ஜெயபாலனிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரிச் சாமான பள்ளிக்கூடத்துக்குத் தர முடியாதுங்க. துரை எழுதிக் குடுக்கட்டும்" என்றார். துரையைக் கேட்டால், அது ஆஸ்பத்திரி விஷயம் என்றார். அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

தனலெட்சுமி


ஜொகூர் பாரு
1936 மார்ச் 2

மதிப்பிற்குரிய ஆசிரியை அம்மாளுக்கு,

தங்கள் மக்கள் செய்த வேலையை வாசித்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அடிக்குறிப்பைப் பற்றிய வரி வரைக்கும்தான் இருந்தது.

அச்சுக்குப் போகும் முன் அந்தப் படி என் மேசைக்கும் வந்தது. தாங்கள் திருத்தியது நடையாகத்தான் இருக்கும் என்று நினைத்து, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அன்றைக்கு ஓர் அறிக்கையை முடிக்கச் சொல்லி டாக்டர் தலைக்கு மேல் நின்றார். அது கிடக்கட்டும்.

எந்த ஓடை அது? தண்ணீர் தேங்கி நிற்கிறதா, ஓடுகிறதா? அடியில் சேறா, மணலா? சுற்றிலும் மேடா? தயவுசெய்து உடனே எழுதுங்கள். மீன் டப்பாவில் அடைத்தாவது புழு அனுப்புங்கள். நேரில் வர டாக்டரிடம் கேட்டேன். தோட்டத்துத் துரை அழைக்காமல் நம் ஆள் போகக்கூடாது என்கிறார்.

கிபாயத்துல்லா


மேட்டுத் தோட்டம், காஹாங்
1936 மார்ச் 16

கிபாயத்துல்லா அவர்களுக்கு,

பரீட்சைக்காரர் மாதிரி கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதுகிறேன். எங்கள் தோட்டம் பேருக்கேற்ற மேடுதான். ஓடை இரண்டு சரிவுக்கு நடுவில் வருகிறது. தண்ணீர் ஊற்றுத் தண்ணீர், மெதுவாக ஓடுகிறது. அடியில் மணல். இப்போது வெயில் பட்டு ஒவ்வொரு மணலும் தெரிகிறது. கையால் அள்ளிக் குடிக்கலாம், அவ்வளவு சுத்தம். தங்களுக்கு இனிமேல் ஒரு கவலையும் வேண்டாம்.

இன்னொரு சேதி. பள்ளி இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஓடையையும் பார்த்தார், புத்தகத்தையும் பார்த்தார். ஜொகூர் முழுவதும் உள்ள தோட்டப் பள்ளிகளுக்கு இதையே அச்சடிக்கச் சொல்லி எழுதப் போகிறாராம். தாங்கள் இதைக் கேட்டாவது ஒரு வரி நல்ல வார்த்தை எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

தனலெட்சுமி


ஜொகூர் பாரு
1936 மார்ச் 19

அம்மா,

மரியாதைக்குரிய முன்னுரை எழுத இப்போது மனம் ஓடவில்லை.

மலைச்சரிவு, ஊற்று, மணல், தெளிந்த தண்ணீர், அதன்மேல் வெயில். இந்த நாட்டில் மிக மோசமான காய்ச்சல் கொசு தேடிப்போய் முட்டையிடும் இடம் இதுதான். சதுப்புக் கொசுவுக்கு நிழல் வேண்டும், அதனால் வெட்டினால் ஒழியும். இந்தக் கொசுவுக்கு வெயில் வேண்டும். வெட்டினால் வரும். இத்தனை நாள் அந்தப் புதர்தான் உங்கள் லயத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

இதை முன்பே இப்படிப் பச்சையாக எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை.

இனி ஓர் இலைகூட வெட்டவேண்டாம். துரையிடம் சொல்லி ஓடை நெடுகிலும் வாராவாரம் எண்ணெய் தெளிக்கச் சொல்லுங்கள், அது புழுவைக் கொல்லும். பிள்ளைகள் சாயங்காலம் வெளியில் உட்காரவேண்டாம். ஒருவருக்காவது காய்ச்சல் கண்டால் உடனே கொயினா மருந்து கொடுக்கவேண்டும். தண்ணீரில் புழு பிறந்து, கொசுவாகி, காய்ச்சல் மனிதருக்குள் வந்து சேர இன்னும் சில வாரம் பிடிக்கும். அதற்குள் செய்துவிடலாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

கிபாயத்துல்லா


மேட்டுத் தோட்டம், காஹாங்
1936 ஏப்ரல் 21

ஐயா,

தங்கள் கடிதம் வந்த அன்றே துரையிடம் போனேன். என் வீட்டுக்காரர் ஐயாசாமி அதே ஆபீசில்தான் கணக்கு எழுதும் கிராணி. தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். துரை சிரித்தார். போன மாதம் வெட்டச் சொன்ன அம்மா இந்த மாதம் எண்ணெய் ஊற்றச் சொல்கிறாள், அடுத்த மாதம் என்ன சொல்வாள் என்று கேட்டார். டிரஸர் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். டிரஸர் ஜெயபாலனைக் கேட்டேன். தனக்கு மேலிருந்து உத்தரவு வரவில்லை என்றார். எல்லாரும் இவ்வளவு தைரியமாக இருக்கிறார்களே, ஒருவேளை தாங்கள்தான் மிகைப்படுத்துகிறீர்களோ என்று நானும் நினைத்தேன். அதனால்தான் பதில் எழுதவில்லை.

இந்த மாத ஆரம்பத்தில் காய்ச்சல் வந்தது. முதலில் ஓடையை ஒட்டிய லயம். பிறகு எல்லா லயமும். என் வகுப்பில் பாதிப் பலகை காலியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

அங்கம்மா போன வியாழக்கிழமை இறந்துவிட்டாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஜெயபாலன் சொன்னார். கடைசியில் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. அவள் தாயார் பேச்சியம்மாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "புள்ள எப்பவும் உங்க பேச்சுதான் டீச்சர்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஓடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பிள்ளை. அந்த ஓடையை வெட்டச் சொன்ன பாடத்தை லயம் முழுக்கக் கேட்க வாசித்த பிள்ளை.

தாங்கள் படித்தவர். தெரிந்தவர். 'பொருந்தாமல் போகலாம்' என்று எழுதினீர்கள். ஒரு பிள்ளை செத்துப்போகலாம் என்று எழுதியிருந்தால் அதை நான் எடுத்திருப்பேனா? எதற்காகத் தெரிந்ததை இத்தனை சிறிய எழுத்தில் எழுதுகிறீர்கள்?

இனி எனக்கு எழுதவேண்டாம்.

தனலெட்சுமி


ஜொகூர் பாரு
1936 ஏப்ரல் 30

அம்மா,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. எரித்தாலும் பரவாயில்லை, வாசித்துவிட்டு எரியுங்கள்.

அந்தப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. தாங்கள் எழுதியதிலிருந்துதான் தெரியும். தங்கள் கேள்வி நியாயமானது. எங்கள் வேலையில் உறுதியில்லாததை உறுதியாகச் சொல்லக்கூடாது என்று பழக்குகிறார்கள். அந்தப் பழக்கத்தில் உறுதியாகத் தெரிந்ததையும் முணுமுணுத்துவிட்டேன். தங்கள் தோட்டம் மேடா பள்ளமா என்றுகூடக் கேட்காமல் பாடம் எழுதியவன் நான்.

ஆனால் பழி முழுவதையும் நான் சுமக்க மாட்டேன். புட்டி கேட்டேன், தாங்கள் அனுப்பவில்லை. குறிப்பு போட்டேன், எடுத்தீர்கள். என்ன காரணத்துக்காகப் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைக்கு எது புரியும் என்பது தங்களுக்குத் தெரியும் என்று நான் விட்டுவிட்டேன். எது உண்மை என்பது எனக்குத் தெரியும் என்று தாங்கள் விட்டிருக்கவேண்டும்.

இன்னொன்று. நான் வந்தேன். அது தங்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். பதில் வராததால் ஏப்ரல் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை விடுமுறையில், யாரிடமும் சொல்லாமல் குளுவாங் வரை ரயிலிலும் அங்கிருந்து காஹாங்குக்கு பஸ்ஸிலும் வந்து தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றேன். கிராணி வெளியே வந்தார். பெயர் சொன்னதும் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "தம்பி, கோவிச்சுக்காதீங்க. துரை கண்ணுல பட்டா என் வேலை போயிரும். இங்க காய்ச்சல்னு எதுவும் இல்ல. போயிட்டு வாங்க" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஆபீசிலிருந்து பார்த்தால் ஓடை தெரிந்தது. அவ்வளவு தூரம் வந்தும் அதில் என்னால் கை வைக்க முடியவில்லை. என்னைத் திருப்பி அனுப்பியவர் தங்கள் கணவர் என்று தங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது அவசரம் வேறு. புத்தகம் எல்லாத் தோட்டங்களுக்கும் அச்சாகிறது, நான்காம் பாடம் அப்படியேதான் இருக்கிறது. நிறுத்தச் சொல்லிக் கல்வி இலாகாவுக்குப் போனேன். அங்கிருந்த பெரிய கிராணி சதாசிவம், "இது சுகாதார விஷயம், உங்க டாக்டர் எழுதட்டும்" என்றார். டாக்டரிடம் வந்தேன். பாடப்புத்தகத்தில் தான் தலையிட முடியாது, கல்வி இலாகா கேட்கட்டும் என்றார். மறுபடி போனேன். புத்தகம் இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, ஒருவர் மட்டும் சொன்னால் ஏற்க முடியாது என்கிறார்கள். தங்கள் கையெழுத்து வேண்டும். நகல் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, இதில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

கிபாயத்துல்லா


மேட்டுத் தோட்டம், காஹாங்
1936 மே 12

கிபாயத்துல்லா அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தாங்கள் எழுதிய நகலில் முதல் இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டேன். அந்த இரண்டு பக்கத்தைத் தாண்டி எந்த அதிகாரியும் வரமாட்டார். 'இந்தப் பாடத்தின்படி செய்ததால் இங்கே பிள்ளைகள் காய்ச்சலில் விழுந்தார்கள், ஒரு பெண் இறந்தாள்' என்ற வரியை மேலே கொண்டுபோனேன். இந்தத் தடவை ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன். தப்பாக இருந்தால் திருப்பிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாங்கள் வந்ததைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். சோற்றில் கை வைத்திருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "ஆமா, வந்தாரு. நான்தான் போகச் சொன்னேன்" என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "சொல்லிருந்தா நீ ஓடிப்போயி கூட்டிட்டு வந்திருப்ப. வேலை போனா இந்த வீட்டையும் காலி பண்ணணும். ஊருக்குத் திரும்பிப் போயி என்ன பண்றது?" என்று கேட்டார். பிறகு, "அந்தப் புள்ளைக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியுமா, தனம்?" என்றார். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

போன வாரத்திலிருந்து ஓடையில் எண்ணெய் வாடை அடிக்கிறது. துரை உத்தரவு போட்டிருக்கிறார். பால் வெட்ட ஆள் குறைந்துவிட்டது, அதனால்தான். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் முதுகில் தகரம் கட்டிய ஆள் ஒருவர் தெளித்துக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

வீரமுத்து தன் சின்ன மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். லயத்துப் பக்கம் போனால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

தனலெட்சுமி


ஜொகூர் பாரு
1936 ஜூன் 20

அக்கா,

இப்படி அழைப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன். இத்தனை மாதமாகச் சண்டை போட்டுவிட்டு 'மதிப்பிற்குரிய' என்று எழுத வரமாட்டேன் என்கிறது.

நாம் எழுதிய கடிதத்தை மேலே வாசித்தார்கள். தாங்கள் மாற்றிய முதல் வரியால்தான் வாசித்தார்கள் என்று சதாசிவமே சொன்னார். ஆனால் புத்தகம் அதற்குள் அச்சாகி, கட்டுக் கட்டாகத் தோட்டங்களுக்குப் போய்விட்டது. திரும்பப் பெற முடியாது என்கிறார்கள். ஒட்டுத்தாள் ஒன்று அச்சடித்து அனுப்பச் சம்மதித்தார்கள். ஆசிரியர்கள் அதை நான்காம் பாடத்தின் மேல் ஒட்டிக்கொள்ளவேண்டும். சின்னத் தாள். ஏன் ஒட்டவேண்டும் என்ற காரணம் அதில் வரக்கூடாது என்று நிபந்தனை. எத்தனை பேர் ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவுக்குப் பிறகு கிடைத்தது ஒரு சாண் காகிதம்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இலாகாவைத் தாண்டிப் போனதற்காக எச்சரித்தார். இனி வெளிவேலைக்கு அனுப்பமாட்டாராம். உள்ளே உட்கார்ந்து மற்றவர்கள் பிடித்து வந்த கொசுக்களைப் பெட்டியில் குத்தி வைக்கிறேன். வாப்பாவுக்கு இதில் திருப்தி. உட்கார்ந்த வேலையாகிவிட்டதாம்.

ஒட்டுத்தாளுக்கு வாசகம் நாம்தான் எழுதித் தரவேண்டும். நான் எழுதியது கீழே இருக்கிறது. நீளம் என்பீர்கள். வெட்டுங்கள். ஆனால் மலை, சதுப்பு இரண்டும் வேறு என்பது மட்டும் எப்படியாவது நிற்கவேண்டும். அதைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிபாயத்துல்லா


மேட்டுத் தோட்டம், காஹாங்
1936 ஜூலை 29

தம்பி கிபாயத்துல்லாவுக்கு,

அச்சான ஒட்டுத்தாள்கள் நேற்று வந்தன. நாம் இருவரும் ஐந்து தடவை அடித்துத் திருத்திய பிறகு நின்றது மூன்று வரி: 'தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் புதரை வெட்டாதே. சதுப்பில் நிழல் கெடுதல், மலை ஓடையில் வெயில் கெடுதல். தெரியாவிட்டால் கேள்.' பிள்ளைகள் கஞ்சிப் பசையால் ஒட்டினார்கள்.

சாயங்காலம் வீரமுத்து வந்தார். அவர் மகளின் மரணத்துக்குப் பிறகு என் வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏதோ தாள் ஒட்டுனீங்களாமே. வாசிங்க" என்றார்.

வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல."

"சொல்லிருக்கலாம்," என்றேன். "அவர் எழுதியிருந்தார். நான்தான் எடுத்துட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் ஓடைப் பக்கம் திரும்பினார். பிறகு, "கோத்தா திங்கி பக்கம் என் தம்பி இருக்கான். அங்கயும் இந்தப் பொஸ்தகம் வந்திருக்காம். வெட்டாதன்னு ஆள் சொல்லி அனுப்பவா?" என்று கேட்டார்.

அனுப்புங்கள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்புறம்தான் தாங்கள் எழுதிய ஆற்றோரச் சதுப்பு ஞாபகம் வந்தது. "அங்க தண்ணி வேற. அங்க வெட்டினாத்தான் நல்லதாம். ஆனா உங்க தம்பி தோட்டம் ஆத்தோரமா, மேடான்னு தெரியாம நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "இங்க வெட்டக்கூடாது, அங்க வெட்டணும், அப்புறம் அதுவும் தெரியாது. என்ன டீச்சர் பேச்சு இது? தொரைய கேட்டா ஒண்ணு, டிரஸர கேட்டா ஒண்ணு, உங்கள கேட்டா ஒண்ணு. நேர்ல வந்து தண்ணிய பார்த்துட்டுச் சொல்ற ஆளு ஒருத்தர்கூடவா இந்த ஜொகூர்ல இல்ல?"

"இருக்கார். வந்தார். திருப்பி அனுப்பிட்டாங்க."

"யாரு அனுப்புனது?"

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். உள்ளே இருந்த என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். "நான்தான் வீரமுத்து" என்றார்.

வீரமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். கை ஓங்குவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. "அப்ப நீங்களே போயி கூட்டிட்டு வாங்க, கிராணி ஐயா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

இதை எழுதும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். துரைக்கு என்ன சொல்வது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் ஆகஸ்டு ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, காஹாங்கில் பஸ் நிற்கும் இடத்தில் தான் நிற்பதாக எழுதச் சொல்கிறார்.

வாருங்கள். எங்கள் ஓடையைப் பார்த்துவிட்டு நீங்களும் வீரமுத்துவும் கோத்தா திங்கிக்குப் போகவேண்டும். பள்ளி விடுமுறைதான், நானும் வருகிறேன். நீங்கள் அங்கே தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சொல்வதை, அந்த மக்களிடம் புரியும்படி சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அக்கா,
தனலெட்சுமி